குழந்தைக்கு டிக்கெட் இருக்கு... லைஃப் ஜாக்கெட் இருக்கா? தீவுப் படகுப் பயணத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி

கோடை விடுமுறை வந்துவிட்டால் மதுரைக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரே பேச்சுதான்: "புள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்க போலாம்?" கொடைக்கானல் என்றால் டிராஃபிக். ஊட்டி என்றால் தூரம். திருப்பரங்குன்றத்தில் விடியற்காலையில் காரை எடுத்தால் மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் தாண்டி டிபன் நேரத்துக்குப் பாம்பன் போய்விடலாம். ராமேஸ்வரம் கோயில், தனுஷ்கோடி, 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலம் என்று போகும் பட்டியலில் இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. படகில் ஏறித் தீவு பார்ப்பது.

நல்ல ஆசைதான். தென்கால் கண்மாயைத் தாண்டிப் பெரிய தண்ணீரைப் பார்க்காத ஒரு ஆறு வயதுக் குழந்தை, தெளிந்த நீருக்கு அடியில் பவளப்பாறையைப் பார்த்துவிட்டால் அதை வாழ்நாள் முழுக்க மறக்காது. "கடல் ஆபத்து, போகாதீங்க" என்று சொல்வது சுலபம், ஆனால் அது தீர்வு இல்லை. போகட்டும். ஆனால் ஏறுவதற்கு முன் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "என் குழந்தையோட சைஸுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கா?" இல்லை என்று பதில் வந்தால், அது குடும்பத்துக்கான படகு இல்லை. அவ்வளவுதான் விஷயம். ஏன் இதற்கு இவ்வளவு முக்கியத்துவம்?

எந்தத் தீவுக்குப் போகலாம்?

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உண்டு. மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு தொகுதிகளாக இவற்றைப் பிரித்திருக்கிறார்கள். 1986-ல் இந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989-ல் இதைச் சுற்றிய 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. பவளப்பாறை, கடற்புல், கடற்பசு, ஆமை எல்லாம் வாழும் இடம். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டு தீவுகள் ஏற்கெனவே கடலுக்குள் மூழ்கிவிட்டன. மிச்சமிருப்பவையும் மெல்லிய மணல் திட்டுகள்தான்.

தேசியப் பூங்கா என்பதால், வனத்துறை அனுமதி இல்லாமல் இந்தத் தீவுகளில் கால் வைப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் படி குற்றம். சட்டப்படி போக வேண்டும் என்றால், பாம்பன் அருகே குந்துகாலில் இருந்து வனத்துறை குருசடைத் தீவுக்கு நடத்தும் படகுப் பயணம் இருக்கிறது. பாக் நீரிணைப் பக்கம் தொண்டிக்கு அருகே காரங்காட்டில் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுப் படகுப் பயணம் நடத்துகிறார்கள்.

இந்த வழிகளுக்கு வெளியே, "அண்ணே, யாரும் போகாத தீவு ஒண்ணு இருக்கு, இறக்கி விடுறேன், வர்றீகளா?" என்று கரையில் யாராவது கேட்டால் அது சட்டவிரோதம். ஆபத்தும் அதற்குள்ளேயே இருக்கிறது. அந்தப் படகைப் பயணிகளுக்காக யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். அதில் எத்தனை பேர் ஏறினார்கள் என்ற கணக்கு எங்கும் இருக்காது. சாயங்காலம் திரும்பி வரவில்லை என்றால், தேட வேண்டும் என்பதே யாருக்கும் தெரியாது.

ஒரே ஊரில் இரண்டு கடல்

மதுரைக்காரர்கள் வைகையைப் பார்த்தே வெள்ளம் வருமா வராதா என்று சொல்லிவிடுவார்கள். கடல் அப்படிக் கைவந்த விஷயம் இல்லை. ராமேஸ்வரம் வட்டாரத்தில் பாக் நீரிணைப் பக்கத்தைப் 'பெண் கடல்' என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தை 'ஆண் கடல்' என்றும் சொல்வார்கள். முன்னது பொதுவாக அமைதி, பின்னது சீற்றம். ஆனால் அதுவும் வருடம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் பாக் நீரிணைப் பக்கம் முரண்டு பிடிக்கும். மே மாதக் கடைசியிலேயே காற்று மாறத் தொடங்கிவிடும். பள்ளி விடுமுறையின் கடைசி வாரமும், "ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள ஒரு ட்ரிப் அடிச்சிரலாம்" என்ற அவசரமும் அதே நேரத்தில்தான் வரும்.

கண்ணுக்கு அமைதியாகத் தெரியும் கடலையும் நம்ப முடியாது. தென் இந்தியப் பெருங்கடலில் பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வீசும் புயல் கிளப்பும் பேரலைகள், உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் கரையைத் தாக்கும். இதற்குக் 'கள்ளக்கடல்' என்று பெயர். திருடன் மாதிரி சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் 5 பேர் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். அதற்கு முன்பே கள்ளக்கடல் எச்சரிக்கை வெளியாகியிருந்தது. ஹைதராபாத்தில் இயங்கும் இந்தியக் கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ், இந்த எச்சரிக்கைகளை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. ஹோட்டல் ரிவியூ பார்க்கும் அதே போனில் இதையும் பார்த்துவிடலாம்.

நடந்த விபத்துகள் என்ன சொல்கின்றன?

2009 செப்டம்பர் 30. தேக்கடி. உசிலம்பட்டி, தேனி, கம்பம் வழியாக மதுரைக் குடும்பங்கள் அடிக்கடி போகும் இடம். கேரள அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகப் படகு 'ஜலகன்யகா' ஏரியில் கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். சேவைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத புதுப் படகு. கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதும் படகு சாய்ந்தது. லைஃப் ஜாக்கெட் அணியாமல்தான் பெரும்பாலானோர் பயணித்தார்கள்.

2011 டிசம்பர் 25. பழவேற்காடு. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மீன்பிடிப் படகில் உல்லாசப் பயணம் போனவர்களில் 22 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் ஒருவருக்கொருவர் உறவினர்கள். அதன் பிறகு அங்கே சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது.

2023 மே 7. கேரளத்தின் தானூர். மீன்பிடிப் படகை மாற்றியமைத்து உருவாக்கிய இரண்டு தளச் சுற்றுலாப் படகு, 22 பேர் ஏற வேண்டிய இடத்தில் 37 பேரை ஏற்றிக்கொண்டு இருட்டும் நேரத்தில் கிளம்பியது. 22 பேர் இறந்தார்கள். அதில் 11 பேர் ஒரே குடும்பம். இறந்தவர்களில் குழந்தைகளே அதிகம்.

2024 டிசம்பர் 18. மும்பை. எலிபெண்டா தீவுக்குப் போய்க்கொண்டிருந்த 'நீல்கமல்' படகு மீது, எஞ்சின் சோதனையில் இருந்த கடற்படை வேகப் படகு மோதியது. மொத்தம் 15 பேர் பலி. இந்த விபத்துக்குப் பிறகுதான் அங்கே படகுப் பயணிகள் லைஃப் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும் என்று கறாராக உத்தரவிட்டார்கள்.

நான்குக்கும் காரணங்கள் வேறு வேறு. ஒன்றில் பயணிகள் ஒரு பக்கம் சாய்ந்தார்கள். ஒன்றில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றினார்கள். இன்னொன்றில் பயணிகள் எந்தத் தவறும் செய்யவில்லை, வேறொரு படகு வந்து மோதியது. அரசு டிக்கெட் என்பதாலோ, புதுப் படகு என்பதாலோ, அனுபவமுள்ள ஓட்டுநர் என்பதாலோ மட்டும் நிம்மதியாக இருந்துவிட முடியாது என்பதைத்தான் இவை காட்டுகின்றன. விபத்து எப்படி வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. தண்ணீரில் விழுந்த பிறகு உதவக்கூடிய ஒரே பொருள், விழுவதற்கு முன்பே உடம்பில் இருக்க வேண்டும்.

பெரியவர் ஜாக்கெட்டைக் குழந்தைக்குப் போட்டால் என்ன?

பல படகுத்துறைகளில் நடப்பது இதுதான். ஒரு மூலையில் ஆரஞ்சு நிற ஜாக்கெட்டுகள் குவிந்து கிடக்கும். எல்லாம் பெரியவர் சைஸ். நான்கு வயதுக் குழந்தைக்கும் அதில் ஒன்றை மாட்டி, நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டி, "சேஃப்டி ஃபர்ஸ்ட்" என்று ஒரு ஸ்டேட்டஸும் போட்டுவிடுவார்கள்.

அந்த ஜாக்கெட் தண்ணீரில் மிதக்கும். குழந்தை அதோடு சேர்ந்து மிதக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தண்ணீரில் விழுந்த நொடியில் ஜாக்கெட் மேலே எழும்பும், குழந்தையின் உடல் கீழே நழுவும். ஜாக்கெட் முகத்தை மூடும், அல்லது தலை வழியாகக் கழன்றே போய்விடும். சின்னக் குழந்தைகளுக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம் அதிகம். முகம் குப்புறக் கவிழ்ந்துவிட்டால் தானாகத் திரும்ப அவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் குழந்தைகளுக்கான ஜாக்கெட்டில் தலையைத் தாங்கும் காலர், கால்களுக்கு இடையே போகும் பட்டை, தூக்கிப் பிடிக்க ஒரு கைப்பிடி என்று தனி அமைப்பே இருக்கும்.

உலகம் இதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு விதிகள் லைஃப் ஜாக்கெட்டுகளை எடை பார்த்தே பிரிக்கின்றன: 15 கிலோவுக்குக் கீழே கைக்குழந்தை, 15 முதல் 43 கிலோ வரை குழந்தை, அதற்கு மேல் பெரியவர். பயணிகள் கப்பலில் மொத்தப் பயணிகளில் குறைந்தது 10 சதவீதம் என்ற கணக்கில், தேவைப்பட்டால் அதற்கு மேலும், ஒவ்வொரு குழந்தைக்கும் ஒன்று கிடைக்கும்படி குழந்தை ஜாக்கெட்டுகள் இருந்தாக வேண்டும். அமெரிக்காவில் ஓடும் பொழுதுபோக்குப் படகின் திறந்த தளத்தில் இருக்கும் 13 வயதுக்கு உட்பட்டவர்கள் ஜாக்கெட் அணிவதைக் கூட்டரசு விதியே கட்டாயமாக்கியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அதில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

"மடியில வச்சுக்கிறேன், ஒண்ணும் ஆகாது"

அம்மாக்களும் அப்பத்தாக்களும் சொல்லும் பதில் இது. பாசத்தில் சொல்வதுதான். ஆனால் படகு கவிழும்போது மடி என்று ஒன்று இருக்காது. எது மேல், எது கீழ் என்று தெரியாத அந்த நொடிகளில், நன்றாக நீச்சல் தெரிந்தவருக்கே தன் உயிரைப் பார்த்துக்கொள்ள இரண்டு கையும் வேண்டும். அதோடு, மூழ்கும் குழந்தை சினிமாவில் வருவது போலக் கையை ஆட்டிக் கத்தாது. மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் எங்கிருந்து வரும்? சத்தமே இல்லாமல், நிமிடக் கணக்கில் முடிந்துவிடும்.

"வெயில்ல போட்டா புள்ள அழுவுது" என்பது அடுத்த சாக்கு. உண்மைதான், புழுங்கும். அதற்கு வழி, வீட்டிலேயே பழக்குவது. ஊருக்குக் கிளம்பும் முன் நான்கு நாள், பத்து நிமிடம் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு விளையாட விட்டால் போதும். வருடத்தில் ஒருமுறை போகும் பயணத்துக்கு எதற்குச் செலவு என்று தோன்றினால், அண்ணன் தம்பி குடும்பங்கள் சேர்ந்து ஒன்றிரண்டு வாங்கி மாற்றிமாற்றிப் பயன்படுத்தலாம். எடை அளவும் தரச் சான்றும் அச்சிட்ட ஜாக்கெட்டாகப் பார்த்து வாங்க வேண்டும். கையில் மாட்டும் காற்றுப் பைகளும் ரப்பர் டியூபும் விளையாட்டுச் சாமான்கள். அவை உயிர் காக்கும் கருவி ஆகாது.

அப்போ மீனவர்கள் மேல்தான் தப்பா?

இல்லை. கடலைப் பற்றி அவர்களைவிட அதிகம் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. விபத்து நடந்தால் முதலில் தண்ணீரில் குதிப்பவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். பிரச்சினை படகின் வேலையில் இருக்கிறது. வள்ளம் என்பது வலையையும் மீனையும் ஏற்றக் கட்டியது. அதில் வேலை பார்ப்பவர்கள் எங்கே நிற்க வேண்டும், எப்போது குனிய வேண்டும் என்று பழகியவர்கள். செல்ஃபிக்காக எழுந்து நிற்கும் பதினைந்து பேரைச் சுமக்க அது கட்டப்படவில்லை.

இதில் வயிற்றுப்பாடும் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. பள்ளி விடுமுறையும் அதே நாட்களில்தான். ஒரு பக்கம் வருமானம் இல்லாமல் காத்திருக்கும் குடும்பங்கள், இன்னொரு பக்கம் "எவ்வளவு வேணாலும் தர்றோம், ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்கண்ணே" என்று வந்து நிற்கும் சுற்றுலாப் பயணிகள். தடை மட்டும் போட்டால் இந்த வியாபாரம் நிற்காது, மறைவாக நடக்கும். காரங்காடு போல, ஊர் மக்களுக்குப் பயிற்சியும் முறையான படகும் கொடுத்து, வருமானத்தில் பங்கும் கொடுத்தால், பாதுகாப்பாக நடத்துவதில் அந்த ஊருக்கே அக்கறை வரும்.

அரசு செய்ய வேண்டியது பெரிய செலவு இல்லை

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017-லேயே படகுப் பாதுகாப்புக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. உள்நாட்டு நீர்நிலைகளுக்கு 2021-ல் புதிய சட்டமும் வந்துவிட்டது. காகிதத்துக்குப் பஞ்சமில்லை. படகுத்துறையில் கண்ணால் பார்க்கக்கூடிய விதிகள்தான் தேவை.

முதலாவது, குழந்தைக்கு டிக்கெட் விற்கும் எந்தப் படகுத்துறையும் 15 கிலோவுக்குக் கீழ், 15 முதல் 43 கிலோ என இரண்டு அளவிலும் ஜாக்கெட் வைத்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் குழந்தைக்கு டிக்கெட் கொடுக்கக் கூடாது. இதை உரிமத்தின் நிபந்தனையாகவே எழுத வேண்டும். இரண்டாவது, படகில் எத்தனை பேர் ஏறலாம் என்பதைத் தமிழில், பெரிய எழுத்தில், ஏறும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும். கைக்குழந்தையும் அந்தக் கணக்கில் ஒரு ஆள். மூன்றாவது, அன்றைய காற்று, அலை நிலவரம் டிக்கெட் கவுன்டரிலேயே பலகையில் இருக்க வேண்டும். நான்காவது, ஏறியவர்களின் பெயர்ப் பட்டியல் கரையில் ஒரு பிரதி இருக்க வேண்டும். சில சின்ன ஜாக்கெட்டுகள், ஒரு பலகை, ஒரு நோட்டு. தீவுச் சுற்றுலாவை வளர்க்க நினைக்கும் அரசுக்கு இது பெரிய தொகை இல்லை.

படகுத்துறையில் ஐந்து நிமிடம்

விதிகள் வரும் வரை, பெற்றோர் கையில் இருப்பது இதுதான்:

டிக்கெட் வாங்கும் முன்பே குழந்தை ஜாக்கெட் இருக்கிறதா என்று கேளுங்கள். வாங்கிய பிறகு கேட்டால், "காசு கட்டியாச்சே" என்ற எண்ணமே உங்களைப் படகில் ஏற்றிவிடும்.

ஜாக்கெட்டை மாட்டி, எல்லாப் பட்டைகளையும் இறுக்கி, தோள் பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். குழந்தையின் மோவாயைத் தாண்டி ஜாக்கெட் மேலே வந்தால் அது பெரிய சைஸ், வேறு கேளுங்கள். ஒரு வயதுகூட ஆகாத குழந்தை என்றால் படகையே தள்ளிப்போடுங்கள்.

ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பெரியவர் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். "எல்லாரும் பாத்துக்குவோம்" என்றால் யாருமே பார்க்கவில்லை என்று அர்த்தம். பெரியவர்களும் ஜாக்கெட் போட வேண்டும். தாத்தா போட்டால்தான் பேரன் கழற்றாமல் இருப்பான்.

மூடிய கீழ்த்தளத்தில் குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள். வெளியே வரும் வழிக்குப் பக்கத்தில் இருங்கள். கடல் பறவையோ டால்பினோ தெரிந்தால் எல்லோரும் ஒரே பக்கம் ஓடாதீர்கள். தேக்கடி நினைவில் இருக்கட்டும்.

காற்று பலமாக இருக்கிறது என்று படகை நிறுத்தினால் ஊழியரிடம் சண்டை போடாதீர்கள். "நாங்க மதுரையில இருந்து வந்திருக்கோம் சார், ஒரே ஒரு ட்ரிப்பு" என்று கெஞ்சுவதும், அவரைத் தப்பு செய்யச் சொல்லும் அழுத்தம்தான். இருட்டும் நேரத்துப் பயணத்தை ஒப்புக்கொள்ளவே வேண்டாம்.

அன்றைக்குப் படகு இல்லை என்றால் விடுமுறை வீணாகிவிடாது. பாம்பன் சாலைப் பாலத்தில் இருந்தே தீவுகள் தெரியும், இரண்டு பக்கக் கடலின் நிற வித்தியாசமும் தெரியும். எது பெண் கடல், எது ஆண் கடல் என்று குழந்தையிடம் கேட்டு ஒரு மணி நேரம் ஓட்டலாம்.

முக்கியமானது, அந்தக் கேள்வியை விடாமல் கேட்பது. ஒரு குடும்பம் கேட்டால் கவுன்டரில் இருப்பவர் "அதெல்லாம் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்ப்பார். ஒரு நாளில் பத்துக் குடும்பம் கேட்டு, இல்லை என்றதும் டிக்கெட் வாங்காமல் திரும்பினால், அடுத்த விடுமுறைக்குள் அந்த மூலையில் சின்ன சைஸ் ஜாக்கெட்டுகளும் தொங்கும்.